மூழ்க வேண்டிய துளி

1977ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9, செவ்வாய்க்கிழமை. கீழ் கோத்தகிரிச் சரிவில் இருக்கும் கரடிப்பாறைத் தேயிலை எஸ்டேட்டின் தொழிற்சாலை வாசலில் லாரியிலிருந்து விறகு இறக்கும்போது, ஒரு சில்வர் ஓக் மரத்துண்டு உருண்டு முத்துவேல் என்ற தொழிலாளியின் மார்பில் ஏறி நின்றது.

முத்துவேலுக்கு அப்போது முப்பத்துநான்கு வயது. இலங்கையில் பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். கப்பலில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு மனைவி சின்னம்மையோடு இந்த மலைக்கு வந்து சேர்ந்தவர். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் அவருக்கு வாயாடி என்று பெயர். மரத்தைப் புரட்டித் தள்ளிய பிறகு அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பதை வைத்துத்தான், விஷயம் பெரியது என்று மற்றவர்கள் புரிந்துகொண்டார்கள். எஸ்டேட் ஜீப் கோத்தகிரிக்கு ஓடியது. அங்கிருந்து கோயம்புத்தூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

விலா எலும்புகள் பல இடங்களில் உடைந்திருந்தன. அது ஆறிவிடும். நுரையீரல்கள்தான் கவலை. இரண்டும் நசுங்கி, உள்ளே ரத்தம் ஊறி, நனைந்த பஞ்சு மாதிரி ஆகிவிட்டன. தொண்டையில் குழாய் போட்டுக் காற்றை அடித்தார்கள். காற்று போனது, வந்தது. ஆனால் அதிலிருந்த ஆக்ஸிஜன் ரத்தத்தில் சேரவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் முத்துவேலின் நகங்கள் நாவல்பழ நிறத்துக்கு வந்திருந்தன.

டாக்டர் வெள்ளியங்கிரி இதய அறுவை சிகிச்சை செய்பவர். அதற்கென்று ஓர் இயந்திரம் வைத்திருந்தார். இதயத்தை நிறுத்தி வேலை பார்க்கும் சில மணி நேரத்துக்கு, உடம்பிலிருந்து ரத்தத்தை வெளியே இழுத்து, ஆக்ஸிஜன் ஏற்றித் திருப்பி அனுப்புகிற இயந்திரம். வெளிநாட்டில் விபத்தில் மார்பு நசுங்கிய ஒருவரை இப்படி ஓர் இயந்திரத்தில் நாள்கணக்கில் வைத்துப் பிழைக்க வைத்ததாக அவர் மருத்துவப் பத்திரிகையில் படித்திருந்தார். தாமே செய்ததில்லை. அமெரிக்காவில் பயிற்சி முடித்துத் திரும்பும்போது, நாள்கணக்கில் ரத்தத்துக்கு ஆக்ஸிஜன் ஏற்றக்கூடிய, மெல்லிய சவ்வுகளைச் சுருட்டி அடைத்த உருளை ஒன்றைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அதை இதுவரை பிரிக்கவும் இல்லை.

வராந்தாவில் சின்னம்மையும் எல்லப்பனும் நின்றிருந்தார்கள். எல்லப்பன் இலங்கையில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணியாக இருந்தவர். இங்கே வெறும் தொழிலாளிதான். என்றாலும் யாருக்கு எது நடந்தாலும் கூடவே போய் நிற்பார். லயத்தார் அவரைக் கங்காணி என்றே கூப்பிட்டார்கள்.

"அம்மணி, நுரையீரல் ரெண்டும் ரொம்ப அடிபட்டிருக்குதுங்க" என்றார் டாக்டர். "அதுகளா ஆறிக்கும். ஆனா வேலையும் பாத்துக்கிட்டு ஆறச் சொன்னா முடியாதுங்க. கொஞ்ச நாளைக்கு அதுகளுக்கு லீவு குடுக்கப் போறோம். அதும்பட வேலைய மிஷின் பாத்துக்கும்."

"லீவுன்னா, மெடிக்கல் லீவா, சம்பளம் இல்லாத லீவாங்க?" என்று எல்லப்பன் கேட்டார். முப்பது வருஷப் பழக்கம். சின்னம்மை திரும்பிப் பார்த்த பார்வையில், அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பொழச்சிருவாரா ஐயா?" என்று சின்னம்மை கேட்டார்.

"மிஷின் ஓடற வரைக்கும் இருப்பாருங்க. அதுக்குள்ள நுரையீரல் தேறணும். அது என் கையில இல்லைங்க."

சின்னம்மை நகங்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். "ஓட்டுங்க" என்றார்.

அன்று மாலை அவரை ஒரு நிமிடம் உள்ளே விட்டார்கள். முத்துவேலின் இடுப்புக்குக் கீழிருந்து விரல் பருமனில் இரண்டு குழாய்கள் கிளம்பின. ஒன்றில் ரத்தம் கறுப்பாகப் போனது. உருளையைத் தாண்டி மற்றொன்றில் சிவப்பாகத் திரும்பியது. பக்கத்தில் முக்காலியில் ஓர் ஆள் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"எங்க பேக்டரியில பச்சையாப் போயி கறுப்பா வரும்" என்றார் சின்னம்மை. "இது கறுப்பாப் போயி செவப்பா வருது." பிறகு, "கரண்டு போச்சுன்னா?" என்று கேட்டார்.

அந்த ஆள் இயந்திரத்தின் பக்கவாட்டில் இருந்த கைப்பிடியைக் காட்டினார். "இதப் புடிச்சுச் சுத்தணுமுங்க."

"அப்ப நான் இங்கிட்டே உக்காந்துக்கிறேன். நீங்க போயித் தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க."

அவரை வெளியே கொண்டுவர இரண்டு நர்ஸுகள் தேவைப்பட்டார்கள்.

முத்துவேலின் முகம் அன்றே நிறம் திரும்பியது. ஆனால் இயந்திரம் ரத்தம் குடித்தது. குழாய்களை நிரப்பவே பல பாட்டில் வேண்டியிருந்தது. ஓட ஓட ரத்தம் சிதைந்தது. உறையாமல் இருக்கக் கொடுத்த மருந்தால் உள்காயங்கள் கசிந்துகொண்டே இருந்தன. முத்துவேலுக்கு ஓ வகை. மருத்துவமனையில் இருந்த ஓ வகை ரத்தம் சனிக்கிழமை சாயங்காலத்தோடு அடிமட்டத்துக்கு வந்துவிட்டது.

"திங்கக்கெழம காலை வரைக்கும் தாங்குமுங்க" என்றார் டாக்டர். "அதுக்குள்ள ஆளுங்கள வரச் சொல்லுங்க. ரத்தம் இல்லீன்னா மிஷின நிறுத்தறதத் தவிர வேற வழி இல்லைங்க. இப்ப நிறுத்துனா நுரையீரல் தாங்காது."

எல்லப்பன் அப்போதே மேட்டுப்பாளையம் பஸ்ஸைப் பிடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், தேயிலைப் பெட்டிகள் ஏற்றும் எஸ்டேட் லாரி மருத்துவமனை வாசலில் வந்து நின்றது. கொண்டை ஊசி வளைவுகளில் பாதிப் பேர் வாந்தி எடுத்திருந்தார்கள். இறங்கியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சின்னம்மையோடு ஒரே நிரையில் தேயிலைக் கொழுந்து எடுப்பவர்கள்.

"ஆம்பளைங்க எங்கே?" என்று சின்னம்மை கேட்டார்.

"தங்கையாவுக்குப் பல்வலியாம்" என்றார் முதலில் இறங்கிய ஆண்டாயி. சின்னம்மையின் அடுத்த வீட்டுக்காரர். "அவரு தம்பிக்கு, தங்கையாவுக்குப் பல்வலிங்கிறதால வர முடியலயாம்."

ரத்த வங்கியில் இருந்தவர் நர்ஸ் ஜூடித். பத்து வருஷ அனுபவம் உள்ளவர், குரலை உயர்த்தாதவர். முதலில் எல்லோரையும் எடை இயந்திரத்தில் ஏறச் சொன்னார். நாற்பத்தைந்து கிலோவுக்குக் குறைந்தால் எடுக்க முடியாது. ஆண்டாயி ஏறினார். முள் நாற்பத்தேழைக் காட்டியது. ஜூடித் முள்ளைப் பார்த்தார். ஆண்டாயியின் மணிக்கட்டைப் பார்த்தார்.

"கொஞ்சம் குதிங்க."

"எதுக்கு மிஸ்ஸி?"

"சும்மா குதிங்கம்மா."

ஆண்டாயி குதித்தார். சேலைக்குள்ளிருந்து கூழாங்கல் ஒன்று தரையில் விழுந்து உருண்டது. அதைத் தொடர்ந்து இன்னும் சில. இடுப்பில் அவர் கட்டியிருந்தது, மலையில் கொழுந்து எடுக்கும்போது மழைக்குக் கட்டுகிற சாக்குப் படங்கு. அதன் மடிப்பில் மேட்டுப்பாளையம் ஆற்றங்கரை கொஞ்சம் வந்திருந்தது. வரிசையில் அடுத்து நின்றவர்கள் சத்தமில்லாமல் மூலைக்குப் போய்த் தங்கள் படங்குகளை உதறினார்கள். மூலையில் சின்னதாய் ஒரு குவியல் சேர்ந்தது.

கரடிப்பாறையில் எடைபோடும் கொட்டகையில் இது புதிதல்ல. மழைக்காலத்தில் கொழுந்து நனைந்திருக்கும். கணக்குப்பிள்ளை நஞ்சப்பன் ஈரத்துக்கென்று கூடைக்கு இரண்டு கிலோ கழிப்பார். கழிப்பதை ஈடுகட்ட, கூடையின் அடியில் முற்றல் இலையும் சில நேரம் ஒரு கல்லும் போகும். அது தெரிந்து அவர் இன்னும் அரைக் கிலோ கழிப்பார். இரு தரப்பாரும் இதைத் தப்பு என்று நினைக்கவில்லை. தராசு என்று ஒன்று இருந்தால் அதன் மறுமுனையில் ஒருவர் ஏமாற்றக் காத்திருக்கிறார் என்பது அவர்களுக்குப் பாடம்.

கல் இல்லாமலே நாற்பத்தைந்தைத் தொட்டவர்களும் இருந்தார்கள். அவர்களை ஜூடித் மேசைக்கு அழைத்தார். மேசையில் ஒரு கண்ணாடிக் குவளை. அதில் மயில்துத்தம் கரைத்த நீல நிறத் தண்ணீர். விரலில் குத்தி எடுத்த துளியை அதில் விடுவார். சத்துள்ள ரத்தம் என்றால் துளி மூழ்கும். மூழ்கினால்தான் பாட்டில்.

முதலில் சின்னம்மை விரலை நீட்டினார். துளி கொஞ்சம் இறங்கியது, பாதியில் நின்றது, மெதுவாக மேலே வந்து மிதந்தது. அடுத்தவரின் துளி இறங்கவே இல்லை. அதற்கடுத்ததும் அப்படியே.

"மிஸ்ஸி, தராசச் சரியாப் புடிங்க" என்றார் சின்னம்மை.

"இது தராசு இல்லம்மா."

"நாங்க பாக்காத தராசா? எங்க கணக்கப்புள்ளயும் இப்படித்தான். என்னத்தக் கொண்டாந்து வச்சாலும் கொறயுதும்பாரு. இன்னொருக்கா போட்டுப் பாருங்க."

ஜூடித் இன்னொரு துளி விட்டார். அதுவும் மேலே வந்தது.

"காலையில என்ன சாப்பிட்டீங்க எல்லாரும்?"

"சாப்பாடு எங்க? தண்ணிதான்" என்று எல்லப்பன் முன்னால் வந்தார். பெருமையோடு சொன்னார்: "மேட்டுப்பாளையத்துல கொழாயடியில நிப்பாட்டி, வயிறு முட்டக் குடிக்க வச்சேன் மிஸ்ஸி. எடை கூடட்டும்னு."

ஜூடித் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார்: "தண்ணிய மட்டும் குத்தம் சொல்ல முடியாது. உங்க ரத்தத்துல இரும்புச் சத்து பத்தல. பல வருசமாவே பத்தல. இத எடுத்தா உங்களுக்கும் ஆகாது, அவருக்கும் உதவாது."

"இரும்பா?" என்றார் ஆண்டாயி. "அப்ப செடி வெட்டுற கவ்வாத்துக் கத்திய உரசிக் குடிச்சிட்டு வரவா?"

லாரியில் வந்தவர்களில் இரண்டு பேர்தான் தேறினார்கள். அவர்களில் ஒருவர் வேறு வகை. எல்லப்பனை வயதைச் சொல்லி ஒதுக்கினார்கள். அவர் தன் வயதில் பத்தைக் குறைத்துச் சொல்லியிருந்தும் அது போதவில்லை.

"பொறவு யாரு ரத்தந்தான் மூழ்கும் மிஸ்ஸி?" என்று சின்னம்மை கேட்டார்.

"நல்லாச் சாப்பிடறவங்க. கறி, ஈரல், கீரைன்னு. உடம்புல கொஞ்சம் சதை இருக்கிற ஆளுங்க."

எல்லோருக்கும் ஒரே ஆள்தான் நினைவுக்கு வந்தார். கரடிப்பாறையில் சதை உள்ள ஆள் மேனேஜரை விட்டால் நஞ்சப்பன்தான்.

"அவரு இங்கிட்டுத்தான் இருக்காரு" என்றார் ஆண்டாயி தயங்கியபடி. "லீவுல. பக்கத்துல சின்னவேடம்பட்டியில கருப்பராயன் கோயில்ல கெடா வெட்டாம். அவங்க சொந்தம் பூராவும் வந்திருக்காம்."

சின்னம்மைதான் போக வேண்டும். அதுதான் சங்கடம். ஜூன் மாதத்தில் ஒரு நாள் நஞ்சப்பனோடு கழிவு விஷயத்தில் சண்டை வந்து, எடைக் கொட்டகையில் கூடையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, "இனி உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று அவர் சொல்லியிருந்தார். சொன்னபடி அன்றிலிருந்து அவருடைய கூடையை ஆண்டாயிதான் தராசில் வைத்தார். சின்னம்மை முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். மலை முழுக்க இது தெரியும்.

கண்ணாடிக் கதவின் வழியாக இயந்திரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முக்காலிக்காரர் புதிய பாட்டில் ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தார்.

"லாரிய எடுக்கச் சொல்லுங்க கங்காணி" என்றார்.

சின்னவேடம்பட்டியில் கிடா வெட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. நஞ்சப்பன் இலையில் குனிந்திருந்தார். சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது, எஸ்டேட் லாரி நேரே பந்தலை நோக்கி வந்தது. அதிலிருந்து, மழைப் படங்கு கட்டிய பெண்கள் ஒவ்வொருவராகக் குதித்தார்கள். அவர் பாதி எழுந்தார். குழம்புக் கையோடு கோயிலின் மண் குதிரைக்குப் பின்னால் போய் நின்றார். குதிரை பெரியதுதான், அவர் அதைவிடப் பெரியவர்.

"நான் லீவுல இருக்கறனுங்க!" என்று அங்கிருந்து கத்தினார். "எதுன்னாலும் திங்கக்கெழம ஆபீஸ்ல பேசிக்கலாமுங்க!"

"கழிவு பத்திப் பேச வரல்ல" என்றார் சின்னம்மை. குதிரையைச் சுற்றி வந்து அவர் முகத்துக்கு நேராக நின்றார். "போன வருசம் ஆண்டாயி புள்ள பெத்துக் கெடந்தா. அவ மலைக்கே வரல்ல. நாங்க ஆளுக்கு ஒரு கை கொழுந்து போட்டு அவ கூடைய ரொப்பினோம். அது உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சே அவ பேருல எழுதுனீங்க."

நஞ்சப்பன் சுற்றுமுற்றும் பார்த்தார். "மெல்லப் பேசுங்க அம்மணி. மேனேஜர் காதுல உழுந்தா என்ற வேலை போயிருமுங்க."

"இப்ப எங்க வீட்டுக்காரரு கூடை காலியாக் கெடக்கு. நாளைக்குக் காலையில மிஷின நிப்பாட்டிருவாங்க. எங்க ரத்தம் மெதக்குது, வேணாங்கிறாங்க. நீங்க ஒரு கை போடுங்க."

விஷயம் என்னவென்று எல்லப்பன் விளக்கினார். நஞ்சப்பனின் நிறம் மாறியது.

"கொழுந்துன்னா ஒரு மூட்டையே போடுவனுங்க. ரத்தமுன்னா... எனக்குக் கோழி அறுக்கறதப் பாத்தாலே மயக்கம் வந்துருமுங்க. இன்னைக்குக் கெடா வெட்டறப்பக்கூட நான் இந்தக் குதிரைக்குப் பின்னாடிதானுங்க நின்னேன். வேணும்னா கேட்டுப் பாருங்க!"

"அது நெசந்தானுங்க" என்றார் அவர் மனைவி மருதாம்பாள், குழம்பு வாளியோடு வந்து நின்று. "ஆனாக் கறி வெந்ததும் மொதப் பந்தியில உக்காந்தது ஆருன்னும் கேளுங்க."

பந்தியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மருதாம்பாள் வாளியைக் கீழே வைத்தார். "ஏனுங்க, அந்தப் புள்ள எத்தன நாளா உங்க மொகத்தப் பாக்காத நின்னுது. இன்னைக்கு நேரா வந்து நின்னு கேக்குதில்லீங்க? கையக் கழுவிட்டுக் கெளம்புங்க. கொழம்பு எங்கியும் போயிராது." பிறகு பந்திப் பக்கம் திரும்பினார். "அண்ணா, நீங்க என்னத்துக்குச் சிரிக்கறீங்க? லாரியில எடம் இருக்குதுங்க. மாப்ளே, நீயும் ஏறு."

இவ்வாறாக லாரி நிரம்பியது.

ஜூடித் இம்முறை யாரையும் குதிக்கச் சொல்லவில்லை. வாயால் ஊதச் சொன்னார். அது மதுவிலக்குக் காலம். அப்படி இருந்தும் மூன்று மச்சான்கள் அந்த இடத்திலேயே திருப்பி அனுப்பப்பட்டார்கள். "கருப்பராயனுக்குப் படைச்சதுங்க மிஸ்" என்று ஒருவர் வாதாடினார். "அப்ப அவரையே வரச் சொல்லுங்க" என்றார் ஜூடித்.

நஞ்சப்பன் ஓ வகை. அவருடைய துளியை நீலத் தண்ணீரில் விட்டார்கள். அது தயங்காமல் அடியில் போய் உட்கார்ந்தது. வாசலில் நெருக்கியடித்து நின்ற பெண்கள் அதைப் பார்த்தார்கள்.

"குண்டு மாதிரிப் போகுதுடி" என்றார் ஆண்டாயி. "அதுல நம்ம கொழுந்து எவ்வளவு இருக்குதோ!"

கட்டிலில் படுக்க வைத்ததும் நஞ்சப்பன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டார்.

"இன்னும் ஊசியே எடுக்கல" என்றார் ஜூடித்.

சின்னம்மை கட்டிலுக்கு மறுபக்கம் போய் நின்றார். "பாட்டிலப் பாக்காதீங்க. இங்கிட்டுப் பாருங்க. என் மூஞ்சியப் பாருங்க."

அவர் பார்த்தார். ஊசி ஏறியது. ஒரு முனகல் வந்தது. பிறகு பாட்டில் நிறையத் தொடங்கியது. அவர் கை கட்டிப் போடப்பட்டிருந்த அந்த நேரத்தை வீணாக்க மனமில்லாமல் எல்லப்பன் குனிந்து கேட்டார்: "ஐயா, அந்த ஈரத்துக்கு ரெண்டு கிலோவ ஒண்ணா ஆக்குனா..."

"கங்காணி" என்றார் நஞ்சப்பன் ஈனக் குரலில், "இன்னொரு பாட்டில் வேணும்னா எடுத்துக்கச் சொல்லுங்க. கழிவுல மட்டும் கை வெக்காதீங்க."

அவருடைய உறவினர்களில் ஓ வகைக்காரர்கள் சிலர் நேராகக் கொடுத்தார்கள். மற்ற வகைக்காரர்களிடம் எடுத்ததைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, ஜூடித் இன்னொரு மருத்துவமனையின் ரத்த வங்கிக்குப் போன் செய்து அதற்கு ஈடாக ஓ வகையை வரவழைத்தார். திங்கட்கிழமை இயந்திரத்தை நிறுத்தவில்லை. அன்று எடுத்த எக்ஸ்ரேயில், முழுக்க வெளுத்துக் கிடந்த இடது பக்கத்தில் காற்று புகுந்து கறுப்புத் திட்டுகள் தெரிந்தன. அதுதான் தாம் எதிர்பார்த்தது என்று டாக்டர் சொன்னார். அன்று மாலை இயந்திரத்தின் வேகத்தைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தார்கள். நகங்கள் நிறம் மாறவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் குழாய்களை எடுத்தார்கள். முத்துவேல் செப்டம்பர் கடைசியில் வீடு திரும்பினார். மேடு ஏறினால் மூச்சு வாங்கியது. விறகு வேலையிலிருந்து அவரை நாற்றங்காலுக்கு மாற்றினார்கள்.